லாரி ஓட்டுநர் வேலை: பயிற்சிச் சான்றிதழ் இல்லாத புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களைத் தேடி வேலை கேட்டு வருகிற இளைஞர்களில் பெரும்பாலானோர் எந்தப் பயிற்சி நிலையத்திலும் முறையாகப் படித்தவர்கள் அல்லர். கார் ஓட்டத் தெரியும், டிராக்டர் ஓட்டியிருப்பார்கள், லாரி மீது ஆசை இருக்கும். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு, புதியவர்களை நம்பி வண்டி கொடுத்துப் பழகிய ஓர் உரிமையாளராக இங்கே பதில் எழுதுகிறேன்.

பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் லாரி ஓட்டும் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் சான்றிதழ் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். இரண்டு காகிதங்களை நம் ஆட்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாமக்கல்லில் உள்ள அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பயிற்சி மையம் போன்ற இடங்களில் கனரக வாகனப் பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஒன்று. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளர்கள் இதைக் கேட்பதே இல்லை. பெரிய நிறுவனங்களும், எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டுபவர்களும்தான் கேட்பார்கள்.

மற்றொன்று, அரசு உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி கொடுக்கும் படிவம் 5. போக்குவரத்து வாகனத்துக்கான உரிமம் கேட்டு விண்ணப்பித்தால் இந்தச் சான்று கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆக, பயிற்சி நிலையத்தில் படிக்காமல் லாரி ஓட்டுநராகலாம். படிவம் 5 இல்லாமல் ஹெவி லைசென்ஸ், அதாவது கனரக வாகன உரிமம், எடுக்க முடியாது. "எந்தச் சான்றும் வேண்டாம், நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஹெவி லைசென்ஸ் எடுக்க என்னென்ன தகுதி வேண்டும்?

வயது 20 நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமம், அதாவது கார் லைசென்ஸ், எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும்; எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ, பள்ளி தரும் படிவம் 5 இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கனரக வாகனத்துக்கான உரிமம் 5 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

18 வயதில் கார் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்பது என் முதல் அறிவுரை. லாரிதானே ஓட்டப்போகிறோம், கார் லைசென்ஸ் எதற்கு என்று இருந்துவிட்டு 21 வயதில் வந்து நிற்கிறவர்களுக்கு ஓராண்டு வீணாகப் போகிறது.

எட்டாம் வகுப்புகூட முடிக்கவில்லை. உரிமம் தருவார்களா?

தருவார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019இல் நீக்கிவிட்டது. ஆனாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருப்பது வேலைக்கு மிகவும் உதவும். ஊர்ப் பலகை, சரக்கு ரசீது, இ-வே பில்லில் (சரக்கைக் கொண்டுபோக எடுக்கும் மின்னணு ஜிஎஸ்டி சீட்டில்) உள்ள தேதி இவற்றைப் படிக்க ஒவ்வொரு முறையும் இன்னொருவரைத் தேட முடியாது. வடக்கு லைன், அதாவது வட மாநிலங்களுக்கு லாரி ஓட்டிப் போகிறவர்கள் கொஞ்சம் இந்தி பேசக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மாதம் ஓடினால் தானாக வந்துவிடும்.

ஹெவி லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை. கார் லைசென்ஸை வைத்துச் சரக்கு வண்டி ஓட்டலாமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை ஓட்டலாம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. இலகு ரக உரிமம் உள்ளவர், இந்த எடை வரம்புக்குள் இருக்கும் சரக்கு வாகனத்தை ஓட்டத் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. மொத்த எடை என்றால் வண்டியின் எடையும் அது ஏற்றத் தகுந்த சரக்கின் எடையும் சேர்ந்தது. ஆர்சி புத்தகத்திலேயே போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த வரம்புக்குள் வருகின்றன. எரிபொருள், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்குக்கு இது பொருந்தாது.

இந்தத் தீர்ப்பு புதியவர்களுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஹெவி லைசென்ஸுக்குக் காத்திருக்கும் அந்த ஓராண்டில் முட்டை வண்டியோ, காய்கறி வண்டியோ, மளிகை விநியோக வண்டியோ சட்டப்படி ஓட்டலாம். லோடு ஏற்றிய வண்டி பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கும் என்பது அந்த ஓராண்டில் காலுக்குத் தெரிந்துவிடும்.

எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?

நியாயமான கேள்வி. ஒரு லாரியின் விலை என்ன, அதற்கு மாதம் கட்டும் தவணை என்ன என்று பார்த்தால் உரிமையாளரின் தயக்கம் புரியும். மேலே ஏற்றியிருக்கும் சரக்கு அவருடையதும் இல்லை. ஒரு டிரிப் கெட்டுப்போனால் அந்த வியாபாரியிடம் மறுபடி லோடு கேட்க முடியாது.

முன்பெல்லாம் இதற்கு வழி ஒன்றுதான், அதுவும் நேரானது. கிளீனராக ஏறுவது. தார்ப்பாய் போட, கயிறு கட்ட, டயர் மாற்ற, பின்னால் நின்று வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிடக் கற்றுக்கொள்வது. லைசென்ஸ் எடுத்ததும் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காலியான சாலையில் ஸ்டியரிங் கொடுப்பார். இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் கிளீனர் ஓட்டுநராகிவிடுவார். இன்று ஓட்டுகிற மூத்த ஓட்டுநர்களில் பெரும்பகுதியினர் இப்படி வந்தவர்கள்தாம்.

இப்போது அந்த வழி அடைபட்டு வருகிறது. டீசல், சுங்கச்சாவடி, டயர் என்று செலவு ஏறிய பிறகு பல லாரிகள் கிளீனர் இல்லாமல், ஓட்டுநர் ஒருவரோடு ஓடுகின்றன. ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிற உரிமையாளர்களே ஓட்டுநரை உருவாக்கிய இடத்தை மூடிவிட்டார்கள். இதை எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஆனாலும் வழி இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு இன்றும் கூட்டமாக ஆள் வேண்டும். அங்கே உதவியாளாகச் சேர்ந்து வண்டி பழகலாம். கல் குவாரி, செங்கல் சூளை, மணல் கிடங்கு ஆகிய இடங்களில் டிப்பர்கள் குறுகிய தூரம் ஓடும். ஹெவி லைசென்ஸ் கையில் இருந்தால் புதியவருக்கும் கொடுப்பார்கள். தூரம் குறைவு, உரிமையாளர் பக்கத்திலேயே இருப்பார், பழுதானால் ஆள் வந்துவிடும். டவுன் லோடு, அதாவது ஊருக்குள் குடோனிலிருந்து கடைக்கு அடிக்கும் லாரிகளும் அப்படியே. இரண்டு ஓட்டுநர் போகும் நெடுந்தூர வண்டியில் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்வது எல்லாவற்றிலும் நல்லது. பகலில் நேரான சாலையில் உங்களுக்குக் கொடுப்பார்கள், மலையும் ஊர் நெரிசலும் வந்தால் மூத்தவர் வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. இந்தத் தொழிலில் விண்ணப்பத்தைவிட அறிமுகம் பேசும். புக்கிங் ஆபீஸ், பட்டறை, டயர் கடை, பாடி கட்டும் இடம் இங்கெல்லாம் எந்த உரிமையாளருக்கு ஆள் வேண்டும் என்பது தெரியும். உங்களைத் தெரிந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் "பையன் குடிக்க மாட்டான், வண்டியைப் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு ஈடான சான்றிதழை நான் பார்த்ததில்லை.

ஓட்டிக் காட்டச் சொன்னால் உரிமையாளர் எதைக் கவனிப்பார்?

வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று, நீங்கள் முதலில் எங்கே போகிறீர்கள் என்று பார்ப்பேன். நேராகக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால் ஒரு மாதிரி. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தால் வேறு மாதிரி. சுற்றும்போது வீல் ஸ்பேனரால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறவர் தொழில் தெரிந்தவர். இரட்டை டயரில் உள்பக்க டயர் காற்றில்லாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் மற்றவை டங்கென்று துள்ளும், அது மட்டும் மொத்தென்று அமுங்கும். அந்த ஒரு டயரைக் கவனிக்காமல் கிளம்பினால் சூடேறி வெடிக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். வீல் நட்டு, ஸ்பிரிங் பட்டை, கீழே எண்ணெய் ஒழுகல், தார்ப்பாய்க் கயிறு, பின் விளக்கு, இவையும் அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும்.

ஏறி இஞ்சினைப் போட்டதும் காற்றுமானியைப் பார்க்கிறீர்களா என்பது அடுத்தது. ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று ஏறி எச்சரிக்கை விளக்கு அணையாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. கார் பழக்கத்தில் வருகிறவர்கள் இதில்தான் அவசரப்படுவார்கள். பிறகு கிளட்ச். காலியான வண்டியில் கிளட்சை எப்படிப் பிடித்தாலும் ஓடும், லோடு வண்டியில் பாதி கிளட்சில் நின்றால் பிளேட் கருகும் வாசனை வரும்.

கடைசியாக ரிவர்ஸ். எல்லாருக்கும் இது கடினம், அதனால் தடுமாறினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். தெரியாத இடத்தில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி எடுக்கிறவருக்கு நான் வேலை கொடுப்பேன். கண்ணாடியில் தெரியாததை ஊகத்தில் எடுக்கிறவருக்குக் கொடுக்க மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பத்துச் சக்கர வண்டி ஓட்டியதில்லை என்றால் ஓட்டியதில்லை என்றே சொல்லுங்கள். பொய் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.

மலை இறக்கத்தில் புதியவர்கள் செய்யும் தவறு என்ன?

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. தருமபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துச் செய்திகள் நம் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். பத்துச் சக்கர லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன். அவ்வளவு எடை இறங்கும்போது கியரில் இருந்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக் மீது விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி, ஒரு கட்டத்துக்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. அந்த நேரத்தில் திரும்ப கியர் போடலாம் என்றால் அந்த வேகத்தில் விழாது.

இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே, கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். இஞ்சின் புகைப் போக்கை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறக்கு என்பது பழைய ஓட்டுநர்கள் கணக்கு. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நியூட்ரலில் இறக்கினால் பேட்டாவில் (படிப் பணத்தில்) டீசல் காசு கூட நிற்கும் என்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு பாடத்தை மட்டும் அவர்களிடம் கற்காதீர்கள்.

லைசென்ஸ் வருவதற்குள் அவசரத்துக்கு ஒரு டிரிப் அடித்தால் என்ன?

கூடாது. யார் கேட்டாலும் கூடாது. பிடிபட்டால் உங்களுக்கும் 5,000 ரூபாய் அபராதம், கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிது காப்பீடு. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடமிருந்தே திரும்ப வசூலிக்க நேரும். ஒரு குடும்பத்தின் உயிர் போயிருக்கும், இன்னொரு குடும்பத்தின் சொத்து போயிருக்கும். "ஒன்றும் ஆகாது தம்பி, எடு" என்று சொல்கிற உரிமையாளர் நாளைக்கு உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

சம்பளம் எப்படிப் பேசுவது?

இடத்துக்கு இடம் வேறுபடும். மாதச் சம்பளமும் தினப்படியும் ஒரு முறை. டிரிப் வாடகையில் இத்தனை விழுக்காடு என்பது ஒரு முறை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பதும் உண்டு. தொகையைக் கேட்பதற்கு முன், எந்தச் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். பஞ்சர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பார்க்கிங், தார்ப்பாய் கட்ட ஆள் கூலி ஆகியவை உங்கள் படியில் போகுமா, உரிமையாளர் கணக்கில் வருமா? லோடு இறக்க மூன்று நாள் காத்திருந்தால் அந்த நாளுக்குப் படி உண்டா? எடை குறைந்தாலோ மூட்டை நனைந்தாலோ யார் கட்டுவது? விழுக்காட்டு முறையில் பெரிய தொகை சொல்லி, எல்லாச் செலவையும் ஓட்டுநர் மேல் போடுகிறவர்கள் உண்டு.

சின்ன நோட்டு ஒன்று வைத்து அன்றன்று எழுதுங்கள். டிரிப் முடிந்து கணக்குப் பார்க்கும்போது வாய்ச் சண்டைக்கு இடமிருக்காது. அசல் லைசென்ஸை உரிமையாளரிடம் அடகு போல் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும்.

சாலையில் என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்?

ஆர்சி, இன்ஷூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், புகைச் சான்று, உங்கள் லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். சரக்குக்கு ரசீது, பில், இ-வே பில். வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதற்குக் காலக்கெடு உண்டு. 1,000 கிலோமீட்டர் என்றால் 5 நாள். வண்டி வழியில் பழுதானால் கெடு முடிவதற்குள் ஆபீசுக்குச் சொல்லி நீட்டிக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

எடை மேடை ரசீதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதிக பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாயும், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதைக் கட்டுவது உரிமையாளர் என்றாலும், நிற்காத பிரேக்கில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

கேஸ் டேங்கரில் நல்ல வருமானம் என்கிறார்களே?

உண்மைதான், நாமக்கல் அதற்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 9இன்படி 3 நாள் சிறப்புப் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு 3 ஆண்டு செல்லும். சாதாரண லோடு வண்டியில் சில ஆண்டு ஓடிவிட்டுப் போங்கள்.

தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

தூங்கித்தான் சமாளிக்க வேண்டும். டீ, புகையிலை, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் கண் தானாகச் செருகும். அந்த நேரத்துக்கு முன்பே வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கிவிடுங்கள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது. நெடுந்தூரம் ஓடும் லைன் லாரியில் அது நடப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் வேலைக்குச் சேரும்போதே, "தூக்கம் வந்தால் நிறுத்திவிடுவேன், போன் செய்து சொல்லிவிடுவேன்" என்று பேசிவிடுங்கள். அதற்குக் கோபப்படுகிறவரிடம் சேராதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

சட்டப்படி, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது ஓட்டுநரின் கடமை. காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். கூட்டம் தாக்க வரும் நிலை இருந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லலாம், சட்டமே அந்த விலக்கைத் தருகிறது. 108க்கு உடனே போன் செய்யுங்கள், பிறகு உரிமையாளருக்கு. ஓடி மறைந்தால் உங்கள் மேல் தவறில்லாத விபத்திலும் தவறு உங்கள் மேல் வந்து விழும்.

நேராக வளைகுடா நாட்டுக்குப் போய் லாரி ஓட்டலாமா?

இந்திய ஹெவி லைசென்ஸும் நாலைந்து ஆண்டு அனுபவமும் வந்த பிறகு யோசிக்கலாம். அங்கே போனாலும் அந்த நாட்டு உரிமம் எடுத்தாக வேண்டும். ஆள் அனுப்புகிற முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.